காற்று நுழையும் வழி

சோழகக் காற்று எழுந்துவிட்டதென்றால் கற்பிட்டிக் குடாநாட்டின் முகமே மாறிவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரையில், மேற்கே விரிந்த கடலிலிருந்து கிழக்கேயுள்ள புத்தளம் களப்பை நோக்கி அது ஓயாது வீசும். இடையே கிடக்கும் நிலமோ ஒடுங்கிய மணற்றிடல். காற்றைத் தடுத்து நிறுத்த ஒரு குன்றுதானும் அங்கில்லை. அத்திடலில் அமைந்த மாம்புரியில் நண்பகல் வேளையில் வீதியோரம் நின்று பாருங்கள்; பறந்து வரும் மணல் கணுக்காலைச் சுள்ளென்று தாக்கும்.

இக்காற்றைத் தேடியே பொறியியலாளர்கள் அவ்வூருக்கு வந்தனர். 2010ஆம் ஆண்டில் 10 மெகாவாற் திறனுள்ள காற்றாலைத் தொகுதியொன்று மாம்புரியில் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று; பின்னர் மேலும் பல கோபுரங்கள் எழுந்தன. அவர்கள் ஆவலோடு எதிர்கொண்டழைக்கும் அதே காற்றை எங்கள் வாகனத்திற்கு வெளியே நிறுத்துவதற்கு நான் பட்ட பாட்டையே இங்கு எழுதப் புகுந்தேன்.

என் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் மாம்புரி. அத்தானுக்கு அங்கே வெங்காயத் தோட்டம். கல்லூரி விடுமுறை வந்தால், மனைவி மக்களை எங்கள் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு, பாலாவியில் மேற்கே திரும்பி அங்கு செல்வது வழக்கம். வேனுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். வயதானவர்களுக்கு மூட்டுகள் தளர்வதுபோல அதற்குக் கதவுகள் தளர்ந்திருந்தன. போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும். அது பெரிதாகத் தெரியாது. திரும்பி வரும்போதுதான் முன் இடக் கதவின் மேல்மூலையிலிருந்து ஓர் ஊளை கிளம்பும். அருகே அமர்ந்திருக்கும் என் மனைவி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொள்வாள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. இதனால் சில குடும்ப வழக்குகள் வழியிலேயே ஒத்திவைக்கப்பட்டன என்பது வேறு விடயம்.

ஊளை கேட்கும் இடத்திலேதான் ஓட்டை இருக்கவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். பௌதிகம் கற்பிப்பவன் இப்படி முடிவு செய்திருக்கலாகாது. கடையில் ஒட்டும் பஞ்சுப்பட்டி வாங்கி, அக்கதவின் விளிம்பெங்கும் இரண்டு அடுக்காக ஒட்டினேன். அதன் பின் கதவு சாத்த மறுத்தது. ஓங்கி அறைந்து சாத்தினோம். ஒரு மாதத்தில் பிணைச்சல் மேலும் தளர்ந்து, கதவின் பின்முனை ஒரு விரல் தாழ்ந்துபோயிற்று. ஊளை மாத்திரம் குறையவில்லை.

இவ்வாறிருக்கையில், ஓர் ஆடி மாதத்து மாலையில் மாம்புரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். புழுக்கம் தாளாமல் முன் யன்னல்களை நான்கு விரல் அளவு திறந்து வைத்திருந்தோம். கடைசி இருக்கையில் படுத்திருந்த இளைய மகள் தலையிடிக்கிறது என்றாள். பிறகு குமட்டுகிறது என்றாள். அதன் பின் ஒன்றும் சொல்லவில்லை. உறங்குகிறாள் என்றே எண்ணினோம். பாலாவியில் தேநீருக்காக நிறுத்தி எழுப்பியபோது அவளால் நேராக நிற்க முடியவில்லை. கடை வாங்கிலில் காற்றாட அமர்த்தி வைத்தோம். அரைமணி நேரத்தில் தெளிந்து, வடை கேட்டாள். முன்னே அமர்ந்து வந்த எங்கள் மூவருக்கும் யாதொரு தீங்கும் இல்லை. அன்று மதியம் உண்ட இறால் குழம்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீடு சேர்ந்தோம். தமக்கையாரிடம் அதற்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று.

அடுத்த வாரம், ஊளையைப் பற்றி முறையிடுவதற்காக வேனைக் கராஜுக்குக் கொண்டு சென்றேன். அங்குள்ள நானா அறுபதைக் கடந்தவர். என் பஞ்சுப்பட்டி வேலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னர் முன் கதவை விட்டுவிட்டு நேரே பின்கதவுக்குச் சென்று, அதைத் தூக்கி, இறப்பர் விளிம்பின் உட்புறத்தில் விரலைத் தேய்த்துக் காட்டினார். விரல் கறுத்திருந்தது.

“சேர், சத்தம் கேக்கிற இடம் வேற, காத்து வார இடம் வேற. பின்னுக்கு இருக்கிற புள்ளையளுக்குத் தலையிடி வாரதா?” என்று வினவினார்.

எனக்கு உடல் சில்லிட்டது.

அவர் விரலால் காட்டியதை நான் வகுப்பறைப் பாடமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். பாய்மம் விரைந்து ஓடுமிடத்தில் அதன் அமுக்கம் குறையும் என்பது 1738ஆம் ஆண்டில் டானியல் பேர்னூயி வெளியிட்ட நூலிலிருந்து நாம் கற்பிக்கும் செய்தி. வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் ஓரத்தூணைச் சுற்றி வளையும் காற்று, அங்கே பெருவேகங்கொண்டு சுழல்கிறது. ஆதலின் முன் யன்னலுக்கு வெளியே அமுக்கம் தாழ்கிறது; உள்ளேயுள்ள காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது; கதவின் மேற்சட்டமும் சற்றே வெளிப்புறமாக இழுபடுகிறது. அதாவது, ஊளையிடும் இடைவெளியால் காற்று உள்ளே வருவதில்லை, பெரும்பாலும் வெளியே போகிறது. பக்கக் காற்று அடிக்கும்போது, காற்று அடிக்கும் பக்கத்தைவிட அதற்கு மறைவான பக்கத்துத் தூணில் சுழி வலிதாய் எழுவதுண்டு. எங்கள் திரும்பு பயணத்தில் காற்று வலப்புறத்திலிருந்து வர, இடக் கதவு அலறியதன் காரணம் இதுவே.

வெளியே போன காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டுமல்லவா? பெட்டி வடிவான வண்டியின் முதுகுக்குப் பின்னே ஒரு வெற்றிடச் சுழல் உண்டாகிறது. புகைக்குழாய் கக்கும் புகையின் ஒரு பகுதி அச்சுழலில் அகப்பட்டுப் பின்கதவோடு ஒட்டிக்கொண்டு மேலெழுகிறது. அங்கே இறப்பர் வெடித்திருந்தால், முன் யன்னல் உறிஞ்ச, பின்கதவு புகையை உள்ளே வாங்கும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், உறக்கம் என்பன அதன் வரிசை. உறக்கத்திற்கு அடுத்த படியை எழுத என் கை கூசுகிறது.

மாம்புரிக் காற்று இதனை எவ்வளவு பெருக்கிவிடுகிறது என்பதையும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வேகமானி 60 கிலோமீற்றர் காட்டும். எதிரே 40 கிலோமீற்றர் வேகத்தில் சோழகம் வீசினால், வண்டி உணர்வது 100. காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 17 கிலோ நிறையளவாக இருந்த அழுத்தம் 47 கிலோ நிறையளவாகிவிடும். இத்தகைய இரைச்சலின் ஆற்றலோ வேகத்தின் ஆறாம் அடுக்கிற்கேற்ப வளர்வது. அது இருபது மடங்கைத் தாண்டும்.

நானா வேலையை எந்த ஒழுங்கில் செய்தார் என்பது கவனித்தற்குரியது. முதலில் சைலன்சரின் இணைப்பில் இருந்த கசிவை அடைத்தார். இரண்டாவதாகப் பின்கதவின் இறப்பரை முழுவதும் மாற்றினார். அதன் பின்னரே நான் முறையிட்ட ஊளையைத் தொட்டார். “புகை முதல்ல, சத்தம் பொறகு” என்றார்.

முன்கதவில் அவர் செய்த சோதனை எவரும் வீட்டிலேயே செய்யத்தக்கது. ஒரு தாள் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் அவ்விடம் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் இறப்பர் அங்கே தொடவில்லை. இப்படிச் சாண் சாணாகச் சுற்றி வருதல் வேண்டும். ஓடும்போது மாத்திரம் எழும் ஒலிக்கு வேறொரு வழி உண்டு. சாயம் பூசுவோர் பயன்படுத்தும் தாள் ஒட்டுப்பட்டியால் கதவின் இடைவெளிகளை வெளியிலிருந்து மூடிவிட்டு, ஒவ்வொரு பகுதியாக நீக்கி நீக்கி ஓடிப்பார்த்தால், ஒலி மீளும் இடத்தில் குற்றவாளி அகப்படுவான். அச்சோதனைக்கு ஓட்டுநர் ஒருவர், செவி கொடுப்பவர் ஒருவர் என இருவர் வேண்டும். ஒட்டுப்பட்டியால் மூடிய கதவைத் தவிர வேறு கதவால் ஏறி இறங்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

எங்கள் கதவில் இறப்பர் கெட்டிருக்கவில்லை. என் இரண்டடுக்குப் பஞ்சைப் பிய்த்தெறிந்து, தேய்ந்த பிணைச்சல் ஊசிகளை மாற்றி, தாழ்ந்த கதவை உயர்த்தினார். பின்பு தூணில் பூட்டுக் கொளுவும் வளைகம்பியின் திருகாணிகளைத் தளர்த்தி, அதனை ஒரு மில்லிமீற்றர் அளவே உட்புறமாக நகர்த்தி மீண்டும் இறுக்கினார். கதவு மெல்லென்ற ஓசையுடன் சாத்திக்கொண்டது. நான் மாதக்கணக்காக அறைந்தது எனக்கே வெட்கமாயிற்று.

இறப்பரைப் பேணுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1876ஆம் ஆண்டில் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹேனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாடு நம்முடையது. எனினும் நம் மரத்துப் பால் கதவு விளிம்புக்கு அவ்வளவாக உகந்ததன்று; வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியை அறுத்து வெடிப்புண்டாக்கும். அதனால் இக்காலத்து வண்டிகளில் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பரே பெரிதும் இடப்படுகிறது. அது வெயிலைத் தாங்கும். ஆனால் மண்ணெண்ணெயும் கிறீசும் பட்டால் ஊதிப் பழுதாகும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் மணலையும் உப்பையும் துடைத்து, உலர்ந்த பின் சிலிக்கன் பசையை மெல்லிதாகத் தடவினால் போதும். மாம்புரி போன்ற ஊர்களில் மாதம் ஒரு முறை செய்தல் நன்று. கதவின் அடியில் உள்ள சிறு துளைகளைக் கண்டு, அவையும் ஓட்டை என்றெண்ணி அடைத்துவிடாதீர்கள். யன்னல் இடுக்கால் இறங்கும் மழைநீர் வழிந்தோட வைத்த வாய்க்கால்கள் அவை. அவற்றில் மணல் அடைந்திருந்தால் ஒரு ஈர்க்கினால் குத்திவிடுங்கள்.

வண்டியை முழுவதும் அடைத்துவிடுவதும் அறிவுடைமையன்று. 1948இல் வெளிவந்து நம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் கார்களின் முன்யன்னலோரத்தில் ஒரு முக்கோணச் சிறுகண்ணாடி இருக்கும். வேண்டியபோது சாய்த்துக் காற்றை ஆளலாம். இக்காலத்து வண்டிகளில் விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ள, பின்புறத்து மறைவான மடல்களால் பழங்காற்று வெளியேறும். புகை உள்ளே வருவதாக ஐயம் தோன்றினால், எல்லோரும் இறங்கிக் காற்றாட நின்று, வண்டியைப் பழுது பார்க்கும் இடத்திற்கு அனுப்புவதே முறை. அவ்விடம் மட்டும் ஓட்டிச் செல்ல நேர்ந்தால், பின்கதவைத் திறந்து வைத்து ஓடுவது பெரும் பிழை. விசிறியை வெளிக்காற்று நிலையில் வைத்து, உள்ளே அமுக்கம் கூடும்படி செய்தல் வேண்டும். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவுக்குப் பழைய வேன்களில் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அடைத்துச் செல்வோர் பலர். அது சோழகம் வலுத்த காலம். புறப்படுமுன் பின்கதவு இறப்பரை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தல் ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் முடிந்து மறுபடி மாம்புரிக்குப் போனோம். வண்டிக்குள் பேச்சுக் கேட்டது. ஆனால், மெல்லிய சீழ்க்கையொலி ஒன்று எஞ்சியிருந்தது. இளைய மகள் அதைக் கூர்ந்து கேட்டுவிட்டுக் கூரையைக் காட்டினாள். வானொலி அன்ரனாக் கம்பி! காற்றில் கம்பி பாடுவதை 1878இல் ஆராய்ந்து எழுதியவர் ஸ்ட்ரூகால் என்னும் அறிஞர். அவர் கண்ட விதிப்படி, 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி, 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 670 அதிர்வுகளை எழுப்பும். அத்தான் வேலி கட்டும் மெல்லிய கம்பியில் ஒரு துண்டை அன்ரனாவின்மேல் திருகுச் சுற்றாகச் சுற்றிவிட்டார். சுழிகள் ஒழுங்கு குலைந்து, பாட்டு நின்றது. அன்றும் தமக்கையார் இறால் குழம்புதான் வைத்திருந்தார்.