பி.டெக். முடித்தபின் எம்.பி.பி.எஸ்.?

அந்தமானின் லம்பா லைன் பகுதியில் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினால், சென்னை விமானம் இறங்குகிறது என்று அர்த்தம். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: இன்ஜினீயரிங்கா, டாக்டரா?

இரண்டையும் கடல் தாண்டாமலே படிக்கலாம். பஹர்காவில் டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஜி.பி. பந்த் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 2015இல் தொடங்கியது. இரண்டுக்கும் பட்டம் தருவது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அப்படியானால் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் பி.டெக். பட்டத்தைக் காட்டி அல்ல.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்பது பள்ளிப் படிப்புக்கு அடுத்த படி. நீட் எழுத உயிரியல் கட்டாயம். பிளஸ் டூவில் கணக்குப் பிரிவு எடுத்தவர்களுக்கு நெடுநாள் கதவு மூடியே இருந்தது. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. வயது உச்சவரம்பு 2022இலேயே நீங்கிவிட்டது. நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. இயற்பியலும் வேதியியலும் கைவந்த இன்ஜினீயருக்கு மீதிப் பாதி பழகிய களம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பட்டம் பெற்ற பிறகே மருத்துவப் படிப்பு. பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். உயிரியல், கரிம வேதியியல் போன்ற பாடங்களை முடித்து, எம்கேட் தேர்வையும் எழுதினால் இன்ஜினீயரும் விண்ணப்பிக்கலாம். பொறியியலையே அடித்தளமாகக் கொண்ட கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி 2018இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது.

இரு துறைகளும் ஒரே கூரைக்குக் கீழ் உழைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் சாட்சி. அங்கே உருவாக்க முயன்ற செயற்கை இதய வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் உள்ளிட்ட குழு செய்த முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவதில் உலோகச் சட்டத்துக்குள் சாயும் தட்டைப் பாலிஎத்திலீனில் செய்தார்கள். 1990 டிசம்பரில் அது ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தட்டு பிளாஸ்டிக் என்பதால் மூடும்போது எழும் ‘டிக்’ சத்தமும் குறைவு.

இந்த இணைப்பையே பட்டப்படிப்பாக்கி, மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு பி.எஸ். படிப்பைச் சென்னை ஐ.ஐ.டி. 2023இல் தொடங்கியது. நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதும் உரிமையை அது தராது; கருவி வடிவமைப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான படிப்பு அது.

லம்பா லைன் பிள்ளைக்கு முடிவெடுக்கும் நேரம் பி.டெக்.குக்குப் பிறகு வருவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றே வந்துவிடுகிறது. கணக்கோடு உயிரியலையும் சேர்த்து எடுத்தால் பாடச்சுமை கூடும்தான். ஆனால் ஏப்ரலில் ஜே.இ.இ., மே மாதம் நீட் என்று இரண்டையும் எழுதிப் பார்த்துவிடலாம்.