ஓபீர் எங்கே?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் உவரி புனித அந்தோணியார் திருத்தலத்திற்குச் சென்றிருந்தோம். நம் வள்ளூரிலிருந்து பார்த்தால் அது தமிழ்நாட்டின் மறுகோடி. அங்கே கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயிலின் அருகே நின்றபோது என் பெரியம்மா, “சாலமோன் ராஜாவுக்குப் பொன் போன ஓபீர் இந்த ஊர்தான். ஓபீர் என்பதே உவரி என்று ஆயிற்று” என்றார்கள். எனக்குப் பெருமை தாளவில்லை. பள்ளி திறந்ததும் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து அதையே சொன்னேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “அதற்குச் சான்று என்ன?” என்று கேட்டார்கள். விடை தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். அன்று தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

அரசர் முதல் நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓபீர் வருகிறது. சாலமோன் செங்கடல் கரையில் எட்சியோன் கெபேர் என்னும் துறையில் கப்பல்கள் கட்டினார். தீர் நாட்டு மன்னன் ஈராம், கடலை நன்கறிந்த தன் மாலுமிகளை அனுப்பினான். அவர்கள் ஓபீருக்குப் போய் 420 தாலந்து பொன் கொண்டுவந்தார்கள். (குறிப்பேடு இரண்டாம் நூலில் இது 450 என்றிருக்கிறது.) ஒரு தாலந்து சுமார் 34 கிலோ என்று கொண்டால் 420 தாலந்து 14 டன்னுக்கும் மேல்! கணக்குப் போட்டுப் பார்த்த எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்படியானால் ஓபீர் வெறும் கதையா? இல்லை. இன்றைய டெல் அவிவ் நகரில் தெல் காசிலே என்னும் பழைய மேடு இருக்கிறது. 1946-இல் அங்கே எழுத்துப் பொறித்த ஓர் உடைந்த பானை ஓடு கிடைத்தது. காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. பெத்கோரோனுக்கு உரிய ஓபீர்ப் பொன் 30 செக்கேல் என்று அதில் குறிக்கப்பட்டுள்ளது. நம் கணக்கில் சுமார் 42 பவுன். நம் வீடுகளில் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வைப்பதில்லையா, அதைப் போன்றதுதான். ஓபீர்ப் பொன் என்று ஒன்று வணிகத்தில் இருந்தது என்பதற்கு அந்த ஓடு போதும். ஆனால் ஓபீர் எந்தத் திசையில் இருந்தது என்று அது சொல்லவில்லை.

புறப்பட்ட துறைமுகத்தைத் தேடியவர்களின் கதையும் சுவையானது. நெல்சன் குளூக் என்னும் அறிஞர் 1938 முதல் 1940 வரை அகாபாவுக்கு அருகே தெல் எல்-கெலைஃபே என்னும் இடத்தில் அகழாய்வு செய்தார். இதுவே எட்சியோன் கெபேர், இங்கே சாலமோன் செம்பு உருக்கினார் என்று அறிவித்தார். மற்ற ஆய்வாளர்கள் மறுத்தபோது, 1965-இல் தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். பிறகு அங்கிருந்த பானை ஓடுகளை மீண்டும் ஆராய்ந்ததில், அவை சாலமோனுக்குப் பிற்பட்ட கி.மு. 8 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலானவை எனத் தெரிந்தது. அவ்வளவு பெரிய அறிஞரே மாற்றிக்கொண்டார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் ஓபீரை இந்தியாவோடு சேர்த்தே எழுதினார். சாலமோனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்று பத்தாம் அதிகாரம் கூறுகிறது. மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள சொல் ‘துக்கி’. அது நம் ‘தோகை’யே என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் காட்டினார். தோழியரே, அந்த வரியைப் படித்ததும் ஓடிப்போய் சிஸ்டரிடம் காட்ட வேண்டும் போல் இருந்தது.

ஆனால் அந்த அதிகாரத்தை மறுபடி படித்தபோது தயங்கினேன். மயில் கொண்டுவந்தவை ‘தர்சீசு’ கப்பல்கள் என்றிருக்கிறது. அவ்விடத்தில் ஓபீர் என்னும் பெயர் இல்லை. மேலும் ‘துக்கி’ என்பது மயிலே அன்று, எகிப்துச் சொல்லிலிருந்து வந்த ஒருவகைக் குரங்கின் பெயர் என்பாரும் உளர். தொடக்க நூல் பத்தாம் அதிகாரத்தில் ஓபீர் என்ற பெயர் அரேபியாவைச் சேர்ந்த சேபாவோடு வருகிறது. சவுதி அரேபியாவில் ‘தங்கத்தின் தொட்டில்’ என்று பொருள்படும் மஹ்த் அத் தஹப் என்னும் பழைய சுரங்கம் உண்டு. அதுவே ஓபீராக இருக்கலாம் என்று அமெரிக்க நிலவியலாளர்கள் 1976-இல் கூறினர். பம்பாய்க்கு அருகிலுள்ள சோபாரா, ஆப்பிரிக்கா என்று வேறு கருத்துகளும் உண்டு.

எனக்குத் தோன்றிய ஐயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உவரி முத்துக்குளித்துறையைச் சேர்ந்தது. அங்கே பொற்சுரங்கம் இல்லை. அக்கடலின் செல்வம் முத்து. கப்பல்கள் அங்கே வந்திருந்தால் முத்தை விட்டுவிட்டா போயிருப்பார்கள்? ஓபீரிலிருந்து வந்த சரக்குகளில் பொன்னும் மரமும் மணிக்கற்களும் இருக்கின்றன. முத்து என்று தனியே இல்லை. நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் பெயரும் ஆண்டும் தாங்கி நிற்கின்றன. வந்தவர் யார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. உவரிக்கு அப்படியொரு சான்று இல்லை. பெயரின் ஒலி ஒற்றுமை மட்டுமே இருக்கிறது.

ஆயினும் அந்தப் பகுதி பழமையானது என்பதில் ஐயமில்லை. தாமிரபரணிக் கரையில் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. சாலமோன் வாழ்ந்ததோ கி.மு. 10ஆம் நூற்றாண்டு. அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே நெல் விளைந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். வருந்துவார்கள் என்று நினைத்தேன். “பொன் போகாவிட்டால் போகட்டும். மயில் போயிருக்கலாம் அல்லவா?” என்று கேட்டார்கள். அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை.