அம்மா கையால் வரட்டும் அந்தப் பெட்டி!

தீபாவளி நெருங்கினால் நம் தோட்டப்புறங்களில் ஒரு நல்ல காரியம் நடப்பதுண்டு. கோயில் கமிட்டியாரும் இளைஞர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பார்கள். பத்து பாகாட் வட்டாரத்து அன்பர்களுக்கு இதை நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கட்டுகிற முறையிலும் கொடுக்கிற முறையிலும் கொஞ்சம் யோசனை வேண்டும்.

“நம்ம பாடே திண்டாட்டம், இதிலே அடுத்த வீட்டுக்கு என்னாத்தெ குடுக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயந்தான். மழைக் காலத்தை ஒட்டி வருகிறது தீபாவளி. காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கையில் காசு இல்லை. ஆனாலும் 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி கேட்டபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் பால்மரத் தொழிலாளர்களும் உண்டு. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் பெட்டி தானே நிறையும்.

பெட்டி வாங்குமுன் தலையை எண்ணுங்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் சட்டை கொண்டுபோனால் மற்ற இரண்டும் என்ன செய்யும்? அது உதவி அல்ல, வீட்டுக்குள் அழுகை. பத்துப் பெட்டி கட்டிப் பத்து வீட்டுக்கு அரைகுறையாய்க் கொடுப்பதைவிட, நான்கு வீட்டுக்கு நிறைவாய்க் கொடுப்பது மேல்.

துணிக்கு அளவு கேளுங்கள். துணி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் பத்து பாகாட். சட்டைக்குப் பஞ்சமில்லை, அளவு தெரியாததுதான் கஷ்டம். ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்தால் அடுத்த வருஷமும் உதவும். காலணிக்கு, பிள்ளையின் காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு வாங்கி வாருங்கள். பழைய நினைப்பில் வெள்ளைச் சப்பாத்து எடுத்துவிடாதீர்கள். 2021 முதல் பள்ளிக்குக் கறுப்புதான்.

பலகாரத்தில் முறுக்கும் அதிரசமும் நாள் தாங்கும். பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடுங்கள். கூடவே ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெய், சீயக்காய், சோப்பு, ஒரு துண்டு. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தானே பிள்ளைக்குத் தீபாவளி! பட்டாசு, மத்தாப்பை இந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம்.

நம் வட்டாரத்துக்கென்று ஒன்று உண்டு: வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 மார்ச்சில் பத்து பாகாட், யோங் பெங் பக்கம் பல குடும்பங்கள் நாள்கணக்கில் துயர்துடைப்பு மையங்களில் கிடந்தன. மார்ச் 19ஆம் தேதி புதிய பள்ளித் தவணை தொடங்கியபோதும் தண்ணீர் முழுதாக வடியவில்லை. புத்தகமும் சீருடையும் நனைந்து போனால் பிள்ளை எதைக் கொண்டு பள்ளிக்குப் போகும்? ஆகவே அட்டைப்பெட்டி வேண்டாம். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியாக வாங்குங்கள். பலகாரம் தீர்ந்தபின் பிறப்புப் பத்திரமும் பள்ளிப் புத்தகமும் அதற்குள் பத்திரமாக இருக்கும். தண்ணீர் ஏறினால் தூக்கிக்கொண்டு ஓடவும் தோது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பிள்ளையை மேடையில் ஏற்றிப் பேர் வாசித்து, பெட்டியைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிறோம். மறுநாள் பள்ளியில், “ஒனக்குத்தானே இனாமாச் சட்டை குடுத்தாங்க?” என்று இன்னொரு பிள்ளை கேட்டால், அந்தப் புதுச்சட்டை உடம்பில் முள்ளாய்க் குத்தாதா? தாய்க்கும் தலை குனியுமே!

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, இருட்டியபின் ஒருவர் மட்டும் போகட்டும். “அக்கா, இதெ உள்ளே வையுங்க” என்று தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும். தாயில்லாத வீடென்றால் பாட்டியிடமோ தகப்பனிடமோ கொடுக்கலாம். பெட்டியின் மேல் சங்கத்தின் பேரும் வேண்டாம், தலைவர் பேரும் வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள். பிள்ளைகளைக் காட்ட வேண்டாம்.

தீபாவளி விடியலில் அந்தப் பிள்ளை கண் விழிக்கும்போது, “அம்மா வாங்கி வச்சிருக்காங்க” என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கமிட்டியார் இவ்வாண்டுக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுப்பார்களா?