கிறிஸ்துமஸ் சரக்கும் கப்பல் கட்டணமும்

டிசம்பர் மாதத்தில் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தொங்கப்போகும் பனியன்களும் குழந்தைகளின் இரவு உடைகளும், நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூரில் ஆடிக்காற்று அடிக்கும்போதே வெட்டித் தைக்கப்பட்டு அட்டைப்பெட்டிகளில் அடைபடுகின்றன என்பது பலர் அறியாத விஷயம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஒரு நகரத்திலிருந்தே போகிறது. அப்படி அடைபடும் பெட்டிகளுக்கு வழிச்செலவு எவ்வளவு ஆகும் என்ற கேள்வியில், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஜீவனம் அடங்கியிருக்கிறது.

ஜூலை முதல் அக்டோபர் வரை உலகத்தின் பண்டிகைச் சரக்கெல்லாம் ஒரே சமயத்தில் துறைமுகங்களில் வந்து குவிவதால், கப்பல் கம்பெனிகள் வழக்கமான கட்டணத்தின் மேல் பருவகால மிகைக் கட்டணம் ஒன்றையும் சேர்த்து வசூலிப்பது நெடுநாளைய சம்பிரதாயம். ஒரு பெரிய கப்பலைக் கட்டி முடிக்க ஓரிரு வருஷங்களாவது பிடிக்குமாதலால், நான்கு மாதத் தேவைக்காகக் கப்பல்களின் தொகையைத் திடீரென்று பெருக்க எவராலும் இயலாது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து தேசிய விழாவுக்காக ஆலைகளை மூடிவிடும் சீன தேசம், அதற்கு முன்பே தன் சரக்கை ஏற்றிவிடத் துடிப்பதால், காலிக் கன்டெய்னர்களும் அந்தத் திசைக்கே இழுக்கப்படுகின்றன.

இந்த வழக்கமான ஏற்றத்தோடு எதிர்பாராத விபத்தும் கூடிவிட்டால் என்ன நேரும் என்பதைச் சமீப வருஷங்கள் காட்டிவிட்டன. 2019ல் நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்றுக்கு உலகச் சராசரியில் 1,400 டாலர் அளவிலிருந்த கட்டணம், கொரோனாவின் குழப்பத்தால் 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. பிறகு 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமன் நாட்டு ஹௌதி கிளர்ச்சிக்காரர்கள் கப்பல்களைத் தாக்கலாயினர். 1869 முதல் பயன்பட்டு வந்த சூயஸ் மார்க்கத்தைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்ததில், ஐரோப்பியப் பிரயாணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. அதே கப்பல் வருஷத்தில் போய்வரும் நடைகள் குறைந்தபடியால், உலகத்தில் கப்பல்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டதற்கு அது சமானமாயிற்று. கட்டணமும் அவ்வாறே ஏறியது.

திருப்பூர்ச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடிக்கு லாரியில் போய், அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு சேர்ந்து, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இதே தூத்துக்குடி - கொழும்பு மார்க்கத்தில்தான். அந்தக் கம்பெனியை ஒழிப்பதற்கு ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் கையாண்ட ஆயுதமும் கட்டணமே. தமக்கு நஷ்டம் வரும் அளவுக்குக்கூட அவர்கள் அதைக் குறைத்தார்கள். கட்டணத்தை நிர்ணயிக்கும் சக்தி நம் கையில் இல்லாத நிலைமை அன்றும் இன்றும் மாறவில்லை என்பது வருந்தத்தக்கது. கொழும்பில் நெரிசல் ஏற்பட்டுப் பெரிய கப்பலைத் தவறவிட்ட பெட்டி, அடுத்த கப்பலுக்காக நாட்கணக்கில் கிடக்கிறது.

திருப்பூரில் பலர், தாம் எஃப்.ஓ.பி. முறையில், அதாவது கப்பலில் ஏற்றிக்கொடுப்பது வரையே தம் செலவு என்ற முறையில், விற்பதால் கப்பல் கட்டணம் பையரை, அதாவது சரக்கை வாங்குபவரைச் சேர்ந்தது, தமக்கு அதில் கவலையில்லை என்று கருதுகிறார்கள். இந்த நிம்மதி ஆதாரமற்றது. பையர் தான் கொடுத்த அதிகக் கட்டணத்தை அடுத்த ஆர்டரின் விலையிலே கழிக்கப் பார்ப்பார் என்பது ஒன்று. குறித்த தேதியில் சரக்கு கப்பலேறாவிட்டால், விமானத்தில் அனுப்பும் செலவைத் தைத்தவர் தலையில் கட்டுவார் என்பது அதனினும் கொடியது. விமானத்திலோ எடை மட்டுமன்றி, 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவுக்குச் சமம் என்று பெட்டியின் பருமனையும் கணக்கிட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கிறார்கள். பொங்கிய பருத்தி உடைகளை அப்படி அனுப்பினால், ஆர்டரின் லாபம் முழுவதும் ஆகாயத்திலேயே கரைந்துபோகும்.

ஆகவே என் அபிப்பிராயத்தில், கப்பல் கட்டணத்தைக் கடலிலே குறைக்க வழியில்லை. தையல் கம்பெனிக்குள்ளே நாட்களை மிச்சப்படுத்தித்தான் குறைக்க முடியும். கடைக்குச் சரக்கு சேரவேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, நூல் வாங்குவதையும் சாயம் ஏற்றுவதையும் நிச்சயித்துக்கொண்டு, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே பெட்டியைத் துறைமுகத்தில் சேர்க்க வல்லவருக்கு, விலை தணிந்த கப்பலைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. உயரம் கூடிய நாற்பதடிக் கன்டெய்னரில் சுமார் 76 கன மீட்டர் இடமுண்டு. பாதி நிரப்பினாலும் முழு வாடகைதான். அதற்கேற்ப அட்டைப்பெட்டியின் அளவைத் திருத்துவது, காசு செலவில்லாத ஆதாயம். தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்ப இயலாத சிறு தையல் கம்பெனிகள், ஒரே துறைமுகத்துக்குப் போகும் சரக்கை, சரக்கனுப்பும் ஏஜெண்டான ஃபார்வர்டர் ஒருவர் மூலம் கூட்டாக அனுப்பினால், பேரம் பேசும் பலமும் அவர்களுக்கு வந்து சேரும்.

பல தாமதங்கள் தையல் மேஜையில் அல்ல, நிறத்துக்கும் மாதிரிக்கும் பையரின் சம்மதம் வரக் காத்திருப்பதிலேயே உண்டாகின்றன. அடுத்த பருவத்து ஆர்டரில் கையெழுத்திடுமுன், சம்மதம் எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் ஏற்றுமதித் தேதியும் தள்ளிப்போகும், அதனால் நேரும் விமானச் செலவு பையருடையதே என்ற ஒரு ஷரத்தை எழுதிச் சேர்த்துக்கொள்ளுமாறு ஏற்றுமதியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.