காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தலாமா?

ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீக்குச்சியை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதைச் சுவரில் உரசினால் பற்றாது. பெட்டியின் பக்கத்திலுள்ள சிவப்புப் பாஸ்பரஸ் பட்டையில் உரசினால்தான் பற்றும். பெனிசிலின் வகை மருந்துகளும் இப்படித்தான்; கண்ட இடத்தில் வேலை செய்வதில்லை.

பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. அதைக் கட்டும் நொதிகளைப் பெனிசிலின் முடக்குகிறது. சுவர் பலவீனமாகிப் பாக்டீரியா வெடித்து மடிகிறது. நம் உடலின் செல்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. எனவே அவை தப்புகின்றன. வைரசுக்கும் அச்சுவர் கிடையாது. ஆகவே சாதாரணச் சளிக்கு இம்மருந்தால் பயனில்லை.

தொடக்கத்தில் பெனிசிலினை ஊசி மூலமே செலுத்தினார்கள். ஏன்? வாய்வழியே கொடுத்தால் இரைப்பையின் அமிலம் அதைச் சிதைத்துவிடும். 1948-இல் வெளிவந்த ஆரியோமைசினை விழுங்கவே முடிந்தது. அதைக் கண்டறிந்த அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆனால் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த அம்மருந்து, வளரும் பற்களில் கறை படியச் செய்வது பின்னர் தெரிய வந்தது. இன்று குழந்தைகளுக்கு, அமிலத்தைத் தாங்கும் அமாக்சிசிலின் போன்றவை பெரிதும் பயன்படுகின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. சில மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருகின்றன. 5 முதல் 15 வயதுள்ளோரிடம் இது அதிகம். மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் தொண்டையில் பாக்டீரியா எஞ்சியிருக்கலாம். அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்கள், சில வாரங்களில், ஆள் மாறாட்டம் போல இதய வால்வுகளையே தாக்கக்கூடும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். பழுதான வால்வு வாழ்நாள் முழுவதும் தொல்லை தரும். அதனால்தான் இந்நோய்க்குப் பெனிசிலினோ அமாக்சிசிலினோ 10 நாட்கள் தரப்படுகிறது.

எல்லா நோய்க்கும் 10 நாட்களா? இல்லை. குழந்தைகளின் கடுமையற்ற நிமோனியாவுக்கு 3 முதல் 5 நாட்களே போதும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. எத்தனை நாள் என்பதை நோய் தீர்மானிக்கிறது. எந்த நோய் என்பதை மருத்துவர் கண்டறிகிறார். அளவைக் குழந்தையின் எடை தீர்மானிக்கிறது.

குழந்தைகளுக்கான மருந்து ஏன் தூளாக வருகிறது, தெரியுமா? நீர் பட்டதும் அதன் மூலக்கூறு மெல்லச் சிதையத் தொடங்கும்; வெப்பம் அதை விரைவுபடுத்தும். எனவே காய்ச்சி ஆறவைத்த நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். கந்தக பூமியின் வெயில் படாமல் பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். லேபிளில் குறித்த நாளுக்குப் பின் மிஞ்சியதைப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ மருந்து கொடுக்கும் பொறுப்பு உங்களுடையதானால், நாட்காட்டியில் வேளைதோறும் ஒரு கோடு போடுங்கள். கடைசிக் கோடு விழும் வரை நிறுத்த வேண்டாம்.