பழைய வேகன் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்கதவைத் திறந்து பாருங்கள்

பசார் மாலாமில் கடை போடுபவர், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் ஏற்றிப் போகும் சமையல்காரர், பேரப்பிள்ளைகளோடு கோயிலுக்குக் கிளம்பும் குடும்பம் என்று பலருக்கும் கைகொடுத்தது வேகன் கார். நிசான் ஏடி ரிசோர்ட், வோல்வோ 240 போன்றவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. "கொஞ்சம் வேலை இருக்கு, மத்தபடி நல்ல காடி" என்பார் விற்பவர். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தனை பழைய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. போவது பெரும்பாலும் வீட்டுச் சேமிப்பு.

பார்க்க வருபவர் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். அதுவும் தேவைதான். ஆனால் இன்ஜின் கெட்டால், காடி வெட்டும் கடையில் வேறொன்று தேடலாம். துருவை அப்படி மாற்ற முடியாது. வெட்டி, தகடு வைத்து, வெல்டிங் செய்து, சாயம் அடிக்க வேண்டும். கூலி ஏறிக்கொண்டே போகும்.

வேகனில் துரு பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். பின்கதவின் அடி விளிம்பு, கண்ணாடி ரப்பரைச் சுற்றிய பகுதி, பின்சக்கர வளைவுகள், சாமான் வைக்கும் இடத்துக் கம்பளத்தின் அடி, உபரி டயர் கிடக்கும் குழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு பதில். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். புட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. நல்ல மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் வசதி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று காரே காட்டிக்கொடுக்கும்.

பின்கதவு ரப்பர் நைந்திருந்தால் அதைச் சில்லறை வேலை என்று விடக்கூடாது. வேகன் ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, புகைக்குழாயின் புகை இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே இல்லை. முதலில் பாதிக்கப்படுவது பின்னால் தூங்கும் பிள்ளைகள்தான். ரப்பரையும் ஓட்டை விழுந்த புகைக்குழாயையும் சரிசெய்த பிறகே குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

பின்கதவைத் திறந்து மூடி மூடி, கீலருகே உள்ள வயர்கள் அறுந்துவிடுவதும் வழக்கம். பின்கண்ணாடி வைப்பரும் எண்பலகை விளக்கும் எரியாமல் போக பெரும்பாலும் இதுவே காரணம். இது பெரிய செலவில்லை, விலை பேச மட்டும் உதவும். கதவைத் தாங்கும் அப்சோபர் தளர்ந்து, கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருந்தாலும் அப்படியே.

அடுத்தது கிரான். முந்தைய உரிமையாளர் ஹாஃப்-கட் இன்ஜின் போட்டுவிட்டு ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருக்கலாம். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிரானோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பெயர் மாறாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு எண்களையும் நேரில் பார்த்து, காரின் மீது சம்மன் பாக்கி இருக்கிறதா என்றும் சரிபார்ப்பது நல்லது.

சாலை வரியிலும் பெரிய வித்தியாசம் உண்டு. தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள 1.6 லிட்டர் வேகனுக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 2,316 சிசி இன்ஜின் உள்ள பழைய வோல்வோவுக்கு 696 வெள்ளி. காப்புறுதியில், வயதான கார்களுக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு மட்டுமே தருகின்றன. கார் திருடு போனால் இழப்பீடு கிடைக்காது.

4,000 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த பட்டறைக்காரரை அழைத்துப்போய், துரு, பிரேக், ரேடியேட்டர், டயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவரை ஒரு தொகை எழுதித் தரச் சொல்ல வேண்டும். அது 3,500 என்றால் காரின் உண்மை விலை 7,500. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விற்பவரிடம் மறுபடி பேசலாம்.