வானொலியை மாற்றுமுன் அன்ரனாவைப் பாருங்கள்

வயலை விட்டு இடம்பெயர்ந்து கரையோரத்தில் குடியேறியவர்களில் சிலர் இன்று படகுத் தொழிலையும் நம்பி வாழ்கின்றனர். பழைய படகொன்றைக் கூட்டாக வாங்கும்போது இயந்திரத்தையும் வலையையும் கவனமாகப் பார்க்கிறோம். வானொலிக் கருவியைப் பார்ப்பது குறைவு. ஆனால், கரை தெரியாத தூரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் பிள்ளைகளின் உயிர் அந்தக் கருவியில்தான் தங்கியிருக்கிறது.

தோட்டத்தில் பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால் நாம் உடனே புதுப் பம்பு வாங்குவதில்லை. முதலில் புட்வால்வையும் குழாயையும் பார்ப்போம். வானொலியும் அப்படித்தான். பற்றரி, கருவி, கேபிள், அன்ரனா ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

மற்றவர் பேசுவது நமக்குக் கேட்டு, நமது குரல் அவர்களுக்குக் கேட்காவிட்டால் கருவியை மட்டும் குறை சொல்லக்கூடாது. 25 வாற் வலுவுள்ள வி.எச்.எவ். கருவி பேசும்போது ஏறத்தாழ 5 அம்பியர் மின்னை இழுக்கும். கேட்கும்போது மிகக் குறைவு. தளர்ந்த பற்றரி கேட்கப் போதும், பேசப் போதாது.

அன்ரனா வெடித்திருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். வெடிப்பினூடாக உப்புநீர் கேபிளுக்குள் இறங்கும். கேபிளின் நுனியை வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் கேபிளையும் மாற்றுங்கள். இதற்குரியது 50 ஓம் கேபிள். தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம், அது பொருந்தாது.

வி.எச்.எவ். அலை பெரும்பாலும் நேராகவே செல்லும். இரு படகுகளிலும் அன்ரனா 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீற்றர் தூரம் பேசலாம். கரையில் 100 மீற்றர் உயரத்தில் அன்ரனா இருந்தால் அதே படகு சுமார் 50 கிலோமீற்றர் வரை பேசலாம். ஆகவே உயரமே முக்கியம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள்.
2. அன்ரனாவைப் படகின் உயர்ந்த இடத்தில், வேறு இரும்புக் கம்பங்களுக்கு விலக்கி நிறுத்துங்கள்.
3. கேபிள் ஒரே துண்டாக இருக்கட்டும். வெளியிலுள்ள இணைப்புகளை நீர் புகாதபடி மூடுங்கள்.
4. தடித்த வயரைப் பற்றரியிலிருந்து நேராக எடுங்கள். பியூஸ் இல்லாமல் பூட்ட வேண்டாம்.
5. ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. திசைகாட்டிக்கு அருகில் கருவியை வைக்க வேண்டாம்.
6. அன்ரனா இணைக்காமல் பேசும் பொத்தானை அமத்த வேண்டாம், கருவி பழுதாகலாம்.

புதிய கருவிகளில் ஆபத்தை அறிவிக்கும் சிவப்புப் பொத்தான் உண்டு. படகுக்குரிய 9 இலக்க அடையாள எண்ணைப் பதிந்தால்தான் அது வேலை செய்யும். அதைப் பரீட்சைக்காக அமத்தக்கூடாது. இலங்கையில் இக்கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் தேவை.

ஆபத்தில் 16ஆம் சனலில் "மேடே" என்று மூன்று முறை கூறி, படகின் பெயர், நிற்கும் இடம், நேர்ந்த ஆபத்து, படகிலுள்ளோரின் தொகை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இது ஓட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஓட்டியே கடலில் விழுந்துவிட்டால் யார் அழைப்பது? ஆகவே படகில் ஏறும் ஒவ்வொருவரும், கூலிக்குப் போகும் இளம் பிள்ளையும், கரையில் நிற்கும்போதே இதைப் பழக வேண்டும். வேலை முடிந்ததும் இன்னொரு படகோடு பேசிப் பாருங்கள். அவர்களுக்குத் தெளிவாகக் கேட்ட பின்பே கடலுக்குப் புறப்படுங்கள்.